யார் அழிக்கச் சொன்னது?

இதைப் படித்துவிட்டு, "ஆளுக்கு வயசாகிவிட்டது, ஏசி குளிரில் தூங்கிக் கனவு கண்டிருப்பார்" என்று சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். நானே அன்று சாயந்தரம் வரைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் நான் இருபத்தெட்டு வருடம் திரையில் தெரியும் புள்ளிகளைப் பார்த்து, இது விமானம், இது மேகம், இது பறவைக் கூட்டம் என்று பிரித்துச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நான் சொன்னதே இல்லை. நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் இந்தக் கதை. ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு என்று எதிர்பார்த்து வந்திருந்தால் மன்னிக்கவும். எனக்கு நடந்தது பட்டப்பகலில். பெட்டாலிங் ஜெயாவில், கீழே மாமாக் சாப்பாட்டுக் கடை இருக்கிற ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில். வெள்ளிக்கிழமை மத்தியானம் 12.52க்கு ஆரம்பித்தது. 1.58க்கு முடிந்தது.

என் பெயர் கமலநாதன். பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருக்கிறேன். படையில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஒரு தனியார் நிலையத்தில் படை அதிகாரிகளுக்கு வான்போர் மேலாண்மை சொல்லிக் கொடுக்கிறேன். பெயர்தான் பெரிது. ஓர் இருட்டறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, மேலே பறக்கிற விமானியிடம் "உனக்கு வலது பக்கம் இருபது மைலில் ஒருத்தன் வருகிறான்" என்று ரேடியோவில் சொல்வதுதான் வேலை. அவனுக்குக் கண் நாங்கள்தான்.

அதோடு டேட்டா லிங்க். என் திரையில் இருக்கும் படம் கப்பலிலும் தெரியும், விமானத்திலும் தெரியும், அடுத்த ரேடார் நிலையத்திலும் தெரியும். எல்லாருக்கும் ஒரே படம். நல்ல வசதி. ஆனால் ஒரு புள்ளியை அனுப்புகிற நிலையம் அதை அழித்தால், அது எல்லார் திரையிலும் மறைந்துவிடும். அதனால் முதல் நாள் முதல் பாடமே இதுதான்: விமானி தன் வாயால் "செக்கிங் அவுட்", அதாவது நான் வெளியேறுகிறேன் என்று சொல்லும் வரைக்கும் அவன் புள்ளியை அழிக்காதே.

வருடத்துக்கு ஆறு வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். அதை நடத்துகிற யோக்கியதை எனக்குக் கிடையாது.

பேய்க்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடங்களுக்கு முன், நான் படையில் இருந்தபோது, மலாக்கா நீரிணைக்கு மேலே ஒரு பயிற்சி நடந்தது. எதிரி விமானமாக நடிக்க ஒரு சின்ன வாடகை விமானம் வந்திருந்தது. ஓட்டியவன் ஐவன். கிள்ளான்காரன், முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவன் விமானத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தோம். அது அவன் எங்கே இருக்கிறான் என்று எங்களுக்குச் சொல்லும். நாங்கள் அதை எல்லார் திரைக்கும் அனுப்புவோம்.

அன்று மேசையில் இருந்தவள் லெப்டினன் விஷ்ணுப்ரியா. என் மாணவி. கெட்டிக்காரி. எந்த விசையை அழுத்துவதற்கு முன்னாலும் பேனாவால் மேசை விளிம்பில் மூன்று தடவை தட்டுவாள். டக்... டக்... டக்... அவசரப்பட்டு அழுத்திவிடக் கூடாது என்று அவளாகவே வைத்துக்கொண்ட வழக்கம். எனக்கு அது எரிச்சலாக இருக்கும்.

2.40க்குப் பயிற்சி முடிந்தது. குரல் பதிவை நானே நிறுத்தினேன். மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். 3.00 மணிக்குப் பெரிய ஆட்கள் சிலர் எங்கள் திரையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. மற்ற விமானமெல்லாம் இறங்கிவிட்டது. ஒரே ஒரு புள்ளி மட்டும் கடல்மேல் இருந்தது. ஐவனுடையது. பெட்டியிலிருந்து தகவல் வருவது நின்றுபோயிருந்தது. இப்படிப்பட்ட புள்ளியை ஸ்டேல் என்போம். ஊசிப்போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், ஐவன் இன்னும் செக் அவுட் சொல்லல."

"மறந்திருப்பான் லா. சுபாங்ல எறங்கி இந்நேரம் தே தாரிக் குடிச்சிக்கிட்டு இருப்பான். அழி."

"ஏர்போர்ட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு..."

"ஆளுங்க லிஃப்ட்ல ஏறிட்டாங்க. ஸ்கிரீன் சுத்தமா இருக்கணும். அழிச்சிடும்மா."

டக்... டக்... டக்... அழித்தாள். மணி 2.51.

ஐவன் சுபாங்கில் இறங்கவில்லை. எஞ்சின் நின்று கடலில் விழுந்திருந்தான். பதினொரு மைல் தூரத்தில் ஒரு ரோந்துக் கப்பல் இருந்தது. எங்கள் படத்தைத்தான் அதுவும் பார்த்துக்கொண்டிருந்தது. புள்ளி மறைந்ததும் அவன் பத்திரமாகப் போய்விட்டான் என்று அவர்களும் நினைத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் பூலாவ் கெத்தாம் மீனவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள். மிதவைச் சட்டை போட்டிருந்தான். நாலு மணி நேரமாவது உயிரோடு மிதந்திருப்பான் என்று டாக்டர் எழுதினார்.

விசாரணை வந்தது. விசையை அழுத்தியவர் பெயர் கணினியில் இருந்தது. அழுத்தச் சொன்னவர் பெயர் எங்கேயும் இல்லை. மேஜர் சொல்லித்தான் அழித்தேன் என்று அவள் சொன்னாள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எனக்கு ஓய்வு பெற இரண்டே வருடம் இருந்தது.

"அப்படி ஓர் உத்தரவை நான் தரவில்லை" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம் இல்லை. காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகப்படுகிற மாதிரி பார்த்தாள். மூன்று மாதத்தில் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் சேர்ந்திருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குப் பிரிவு விருந்து வைத்து, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

போன மாதம் வகுப்பில் எட்டுப் பேர். ஏழு பேர் முஸ்லிம்கள். வெள்ளிக்கிழமை 12.40க்கு எல்லாரும் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். பக்கத்து அறையில் விமானி மாதிரி ரேடியோவில் பேசி நடிக்கிற இரண்டு பேரும் அறையைப் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். 2.45க்குத்தான் மறுபடி வகுப்பு. மிச்சம் இருப்பது கேப்டன் பெர்னிஸ் ஒருத்திதான். சிரம்பான் பக்கத்துக் கத்தோலிக்கப் பெண். "லஞ்ச் வேணாம் துவான், நான் இருந்து ப்ராக்டிஸ் பண்றேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

12.44க்குக் கழிவறைக்குப் போனேன். 12.52க்குத் திரும்பினேன். நேரம் பார்ப்பது என் தொழில் வியாதி.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. விளக்கைக் குறைத்துத்தான் வைத்திருப்போம். என் மேசை பின்னால், ஓர் அடி உயரத்தில் இருக்கும். மாணவர்களின் முதுகைத்தான் பார்ப்பேன். பேசுவதெல்லாம் ஹெட்செட்டில். மூன்றாவது மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். சீருடை, கொண்டை, காதில் ஹெட்செட். பெர்னிஸ் வழக்கமாக முதல் மேசையில் உட்காருவாள். இன்று இடம் மாறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சுலபமான ஒரு பயிற்சியை ஓடவிட்டேன். நாலு விமானம். பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்தது.

1.03. திரையில் ஐந்தாவதாக ஒரு புள்ளி.

"அஞ்சாவது யாரு?" என்று கேட்டேன்.

"இருக்காரு சார்" என்றாள்.

சார்... வகுப்பில் எல்லாரும் என்னை மலாய் முறைப்படி துவான் என்றுதான் கூப்பிடுவார்கள். பெர்னிஸும் அப்படித்தான். அதோடு பெர்னிஸ் பேசுகிற தமிழில் பாதி ஆங்கிலம் இருக்கும். இந்தக் குரலில் இல்லை.

சரி, ஏதோ வாய் தவறி வந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

புள்ளியைத் தொட்டு விவரம் பார்த்தேன். உயரம் பூஜ்யம். வேகம், மணிக்கு இரண்டு மைல். இடம், பூலாவ் கெத்தாமுக்கு மேற்கே. எந்த விமானமும் அந்த வேகத்தில் பறக்க முடியாது. மனிதன் நடப்பதே அதைவிட வேகம்.

நீரோட்டத்தில் மிதக்கிற ஒன்றுதான் அப்படிப் போகும்.

1.07. காதில் ஒரு சத்தம்.

க்ளிக்... க்ளிக்...

பேச முடியாத விமானி மைக் பொத்தானை இப்படித்தான் அழுத்தி அழுத்தி விடுவான். நான் இருக்கிறேன், கேட்கிறதா என்று அர்த்தம். பக்கத்து அறை பூட்டியிருந்தது. பொத்தானை அழுத்த அங்கே யாரும் இல்லை.

கழுத்துப் பின்னால் வேர்த்தது. ஏசி பதினெட்டில் இருந்தது.

"அழி" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

டக்... டக்... டக்...

அந்தச் சத்தம் ஹெட்செட்டில் வரவில்லை. நேராக, அறையில் கேட்டது. மூன்றாவது மேசையிலிருந்து.

மூன்று தடவை தட்டினாள். ஆனால் விசையை அழுத்தவில்லை.

"அவரு செக் அவுட் சொல்லல சார்."

அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பயம் அப்புறம். முதலில் கோபம்தான் வந்தது. யாரோ பழைய கதையைக் கிண்டி எடுத்து பெர்னிஸிடம் கொடுத்திருக்கிறார்கள். பேனா தட்டுவது வரைக்கும் சொல்லிக் கொடுத்து, என் வாயைப் பிடுங்க அனுப்பியிருக்கிறார்கள். பதிவு வேறு ஓடுகிறது. மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

1.15. என் மேசையிலிருந்தே அந்தப் புள்ளியை அழித்தேன். போய்விட்டது. ஆறு வினாடி. திரும்பி வந்தது. மறுபடி அழித்தேன். மறுபடி வந்தது. நீரோட்டத்தில் கொஞ்சம் தள்ளி.

க்ளிக்... க்ளிக்...

1.22. "சார், ரெக்கோர்டிங் ஓடுது" என்றாள். குரலில் அவசரமே இல்லை. "உங்க பேரச் சொல்லி ஆர்டர் குடுங்க. அழிச்சிடறேன்."

மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டேன்.

1.31. பயிற்சியில் ஓடிய நாலு விமானமும் திரையிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. நான் எதையும் தொடவில்லை. கறுப்புத் திரையில் அந்த ஒரு புள்ளி மட்டும். எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பலாம் என்று பார்த்தேன். கால் எழவில்லை. நிஜமாகவே எழவில்லை.

அவள் சீருடையைப் பார்த்தேன். தோளில் ஒரு நட்சத்திரம்கூட மாறாமல் லெப்டினன் பட்டை.

பெர்னிஸ் கேப்டன்.

1.40. க்ளிக் சத்தம் ஒன்றுதான் வந்தது. இரண்டாவது வரவில்லை.

1.46. வேகம் ஒன்று.

"சார்... பேரு."

வாயைத் திறந்தேன். "நான்..." என்று ஆரம்பித்தேன். கண் அந்தச் சிவப்பு விளக்குக்குப் போனது. அதோடு நின்றுவிட்டது. அங்கே உட்கார்ந்திருப்பது மனுஷி இல்லை என்று உடம்பு முழுவதும் தெரிந்துவிட்டது. அப்போதும் நான் பயந்தது அந்தப் பதிவுக்குத்தான். என்னைப்போல ஒரு பிறவி இருக்குமா?

1.53. டக்... டக்... டக்...

"சொல்லுங்க சார்."

மெதுவாக. கெஞ்சுகிற மாதிரி.

1.57. டக்... டக்...

மூன்றாவது வரவில்லை.

1.58. வேகம் பூஜ்யம்.

புள்ளி தானாக மறைந்தது.

"சரி சார்."

கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நாற்காலி காலி. மெல்லச் சுற்றி நின்றது. அறைக்கு ஒரே கதவு. என் முதுகுக்குப் பின்னால். நுழைவு அட்டையை வைத்தால் பீப் என்று கத்திவிட்டுத்தான் திறக்கும். அது கத்தவே இல்லை.

2.31க்குக் கத்தியது.

பெர்னிஸ் உள்ளே வந்தாள். கையில் இரண்டு சோற்றுப் பொட்டலம்.

"சாரி துவான், இருக்கேன்னு சொன்னேன், but பசி தாங்கல. நீங்க டாய்லட் போனீங்க இல்ல, அப்பவே கிளம்பி பங்சார் போய்ட்டேன். செம ஜாம். உங்களுக்கும் ஒண்ணு தாப்பாவ் பண்ணிட்டேன்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "துவான், you okay ஆ?" என்றாள்.

சாயந்தரம் வீட்டுக்குப் போய்க் கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம். அழிக்கச் சொன்னது நான்தான், விசாரணையில் பொய் சொன்னேன், விஷ்ணுப்ரியாமேல் தப்பில்லை. கையெழுத்துப் போட்டேன். ஐவன்தான் வந்திருக்கிறான் என்று முடிவு செய்துவிட்டேன். மேசையில் இருந்தது யார் என்று யோசிக்கவே மனம் இடம் கொடுக்கவில்லை. செத்தவன் வந்து கேட்டுவிட்டான், உயிரோடு இருக்கிறவளிடம் நானாகப் போய்ச் சொல்லிவிடுவோம். முதல் பிரதியை அவள் கையில் கொடுத்து, காலில் விழக்கூடத் தயாராக இருந்தேன்.

சனிக்கிழமை காலை 9.20. கிள்ளான். அவள் வீட்டு விலாசம் எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். இரண்டு தடவை அந்தத் தெரு முனை வரைக்கும் போய்க் காரைத் திருப்பிக்கொண்டு வந்தவன். இந்தத் தடவை உள்ளே போனேன். வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள். ஏதோ விசேஷம், தப்பான நாளில் வந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வாசலில் பெரிய படம். மாலை போட்டிருந்தது. சீருடையில் விஷ்ணுப்ரியா.

கூடாரத்துக்குள் பாதி வழியில் நின்றுவிட்டேன். ஒருவன் வந்து என் கையைப் பிடித்து உட்கார வைத்தான். அவள் அண்ணன். யுகேந்திரன் என்று சொன்னான்.

"நீங்க யாரு அங்கிள்?"

"அவளுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவன்."

"நேத்து மத்தியானம் அங்கிள். வெள்ளிக்கெழம லா, ஃபேக்டரில ப்ரேக் நீளம். சாப்பிட வெளிய வந்திருக்கா. 12.50க்கு லோரி மோதிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கண்ணே தொறக்கல."

"எத்தன மணிக்கு...?"

"1.58. டாக்டர் கடிகாரத்தப் பாத்துச் சொன்னாரு."

அவனாகத்தான் சொல்லிக்கொண்டு போனான்.

"கண்ணு தொறக்கல, ஆனா கை மட்டும் சும்மா இல்ல அங்கிள். கட்டில் கம்பில வெரலால தட்டிக்கிட்டே இருந்தா. மூணு மூணா. நர்ஸ் கையப் புடிச்சுப் பாத்தாங்க, நிக்கல. வாயில ஒரே பேச்சு. பேரு சொல்லுங்க, பேரு சொல்லுங்கன்னு. யார் பேரக் கேட்டான்னே புரியல. ஒங்களுக்கு ஏதாவது தெரியுமா அங்கிள்?"

என் சட்டைப் பையில் அந்தக் கடிதம் இருந்தது. நெஞ்சில் குத்தியது.

"தெரியாதுப்பா" என்றேன்.

விசாரணையில் ஒரு தடவை. அந்த அறையில் ஒரு தடவை. அவள் பிணம் கிடந்த வீட்டு வாசலில் ஒரு தடவை.

திங்கள்கிழமை 9.05க்கு வகுப்புக்கு முன்னாலேயே போய் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டேன். அறுபத்தாறு நிமிடம். அவள் குரல் இல்லை. க்ளிக் சத்தம் இல்லை. பேனாச் சத்தம்கூட இல்லை. யாரோடோ பேசுகிற மாதிரி என் குரல் மட்டும் இருக்கிறது. "அஞ்சாவது யாரு?" பிறகு, "அழி." பிறகு, "நான்..." அதற்குமேல் ஏசி சத்தம்தான்.

அதையும் ஒரு பிரதி எடுத்து, கடிதத்தோடு விசாரணை நடத்திய அலுவலகத்துக்கு அனுப்பினேன். இன்னொரு பிரதியை யுகேந்திரனுக்கு அனுப்பினேன். இரண்டு பேரிடமிருந்தும் பதில் வரவில்லை. வரும் வரைக்கும் சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். கதையில் மற்றவர்கள் பெயரை மாற்றியிருக்கிறேன். ஒரு பெயரை மாற்றவில்லை.

விஷ்ணுப்ரியா, நீ கேட்டதைச் சொல்கிறேன். அன்று 2.51க்கு ஐவனின் புள்ளியை அழிக்கச் சொன்னது மேஜர் கமலநாதன். நான்தான்.